ஒடுக்கமான சலவை அறை: எந்த அகலத்துக்கு எந்த அமைப்பு?

ஒடுக்கமான சலவை அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம், எந்த அலமாரி வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன் அளவு நாடாவை எடுத்து ஒரு கூட்டல் கணக்குப் போட வேண்டும். ஃப்ரண்ட் லோட் மெஷினின் ஆழம் பெரும்பாலும் 60 செ.மீ. பின்னால் தண்ணீர் வரும் ஹோஸும் கழிவுநீர் ஹோஸும் வளைந்து நிற்க 8 முதல் 10 செ.மீ. முன்பக்கம் கதவு புடைத்து நிற்பது 3 செ.மீ. ஆக, சுவரிலிருந்து சுமார் 72 செ.மீ. மெஷினே பிடித்துக்கொள்கிறது. எதிரே ஒருவர் குனிந்து துணியை உருவி எடுக்கக் குறைந்தது 75 செ.மீ. வேண்டும். கூட்டினால் 147. பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு சுவருக்குச் சுவர் 150 செ.மீ. தேறாத அறையில், நீளச் சுவரை ஒட்டி வழக்கமான ஃப்ரண்ட் லோட் மெஷின் வைக்கும் யோசனை அங்கேயே இடிக்கிறது.

படங்களில் பார்க்கும் அழகான சலவை அறைகளில் மெஷின் கதவு எப்போதும் மூடியிருக்கும், தரையில் கூடை இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். புழக்கத்தில் அப்படியில்லை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய வேண்டுமென்றால் துவைத்து முடித்த பிறகும் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மூடினால் நாளடைவில் முடை நாற்றம், பிறகு கரும்பூஞ்சை. அதனால் அளக்கும்போது மெஷின் கதவும் அறைக் கதவும் திறந்திருக்க, கூடையும் தரையில் இருக்க, ஆளும் குனிந்திருக்கும் நிலையில் அளக்க வேண்டும். மெஷின் வாங்குவதற்கு முன்பே 60 செ.மீ. சதுரத்தில் அட்டையை வெட்டித் தரையில் போட்டு, கூடையுடன் நடந்து பார்த்தால் பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

நீளச் சுவரா, கடைசிச் சுவரா

ஒடுக்கமான அறையில் மெஷினுக்கு இரண்டே இடங்கள்தான். நீளச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நிறுத்தலாம். அல்லது வாசலுக்கு நேர் எதிரே, குட்டைச் சுவரில், அறையின் முகம்போல நிறுத்தலாம். பெரும்பாலானோர் யோசிக்காமல் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அறை எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவுக்கு இரண்டாவதே கைகொடுக்கும். கடைசிச் சுவரில் நிற்கும் மெஷினுக்கு அகலத்தில் தேவைப்படுவது 60 செ.மீ.யும் இரு பக்கமும் இரண்டிரண்டு செ.மீ. இடைவெளியும் மட்டுமே. குனிவதற்கான இடம் அறையின் நீளத்திலிருந்து கிடைக்கிறது. ஒடுக்கமான அறையில் தாராளமாக இருப்பது அதுதான். 90 செ.மீ. அகல நடைபாதை மாதிரியான இடத்தில்கூட இப்படி ஒரு மெஷினும் அதன்மேல் ஒரு ட்ரையரும் நிற்கும்.

இதற்குக் குறைகளும் உண்டு. கடைசிச் சுவரில் ஜன்னல் இருந்தால் வெளிச்சமும் காற்றும் அடைபடும். கழிவுநீர்க் குழாய் நீளச் சுவரில் மறுகோடியில் இருந்தால் டிரெய்ன் ஹோஸை நீட்டிக்கொண்டு போக வேண்டிவரும். மெஷினோடு வரும் ஹோஸுக்கு மேல் நீளம் கூடக் கூடப் பம்புக்குச் சுமை, ஆகவே குழாயை இடம் மாற்றுவதே சரி.

நான்கு கூட்டணிகள்

பக்கத்தில் பக்கமாக இரண்டு மெஷின்: இரண்டுக்கும் நடுவிலும் ஓரங்களிலும் இடைவெளி சேர்த்து 126 செ.மீ. நீளம் பிடிக்கும். மேலே நீளமான ஒரு மேடை கிடைப்பதுதான் இதன் பெரிய லாபம். துணி மடிக்க, கறை தேய்க்க, கூடை வைக்க எல்லாவற்றுக்கும் அது போதும். இங்கே தவறுவது கீல் திசை. ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு இடப்பக்கம் கீல், மாற்றவும் முடியாது. எனவே ட்ரையர் வலப்பக்கம் நிற்க வேண்டும், அதன் கீலும் வலப்பக்கம் இருக்க வேண்டும். பல ட்ரையர்களில் கீலை மாற்றிப் பூட்டலாம். இடம் மாறி நின்றால் ஈரத் துணியைக் கைமாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு கதவுகள் நடுவில் குறுக்கே நிற்கும்.

ஒன்றன்மேல் ஒன்று: தரையில் பாதி இடம் மிச்சம். உயரம் 170 முதல் 175 செ.மீ. எப்போதும் வாஷிங் மெஷின் கீழே, ட்ரையர் மேலே. கனம் அதிகமானதும் அதிர்வதும் கீழே இருப்பதுதான். இரண்டையும் பிணைக்கும் ஸ்டாக்கிங் கிட் அந்த மாடல்களுக்கு உரியதாக இருக்க வேண்டும். நடுவில் ரப்பர் பாய் மட்டும் போட்டு அடுக்குவது ஆபத்து. சுழலும் வேகத்தில் ட்ரையர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து முன்னால் விழக்கூடும். 45 செ.மீ. ஆழமுள்ள ஒல்லி மெஷின்மேல் 60 செ.மீ. ஆழ ட்ரையரை ஏற்றவே கூடாது. அடுக்கும் வரிசையும் முக்கியம்: கீழ் மெஷினில் டிரம் ஆடாமல் இருக்க லாரிப் பயணத்துக்காகப் பூட்டிய டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றி, ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் சரிசெய்து, லாக் நட்டை இறுக்கி, காலியாக ஒரு முறை முழு வேகத்தில் சுழலவிட்டுப் பார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். பிறகு சரிசெய்ய நினைத்தால் 40 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரையரை இறக்கி ஏற்ற வேண்டிவரும்.

அடுக்கும்போது பலர் கவனிக்காதது ட்ரையரின் தண்ணீர்த் தொட்டி. கண்டென்சர், ஹீட் பம்ப் ட்ரையர்கள் துணியிலிருந்து எடுத்த தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கும். அந்தத் தொட்டி பெரும்பாலும் ட்ரையரின் மேல் மூலையில் இருப்பதால், அடுக்கிய பிறகு அது தரையிலிருந்து 160 செ.மீ.க்கு மேல் போய்விடும். நிரம்பிய தொட்டியைத் தலைக்கு நேராக உருவினால் முகத்தில் ஊற்றிக்கொள்வதுதான் நடக்கும். அதனால் தொட்டிக்குப் பதில் நேரடியாகக் கழிவுநீர்க் குழாயில் விடும் ஹோஸ் இணைப்பு அந்த மாடலில் உண்டா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். வெளியே காற்றை விடும் வென்டட் ட்ரையர் என்றால் சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் பின்னால் வரும். அதை நசுக்காமல் வைக்க மெஷினை மேலும் முன்னுக்குத் தள்ள வேண்டும். ஒடுக்கமான அறைக்கு அது ஒத்துவராது. ஹீட் பம்ப் வகையே பொருத்தம்.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷினில்: இடத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் 8 கிலோ துவைக்கும் மெஷின் 5 கிலோ அளவுக்குத்தான் உலர்த்தும். முழு லோடு போட்டால் துவைத்ததும் மூன்று கிலோவை ஈரமாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டாக வேண்டும். துவைத்து உலர்த்தி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை அடுத்த லோடு போட முடியாது. ஒருவர் இருவர் வாழும் வீட்டுக்குச் சரி. குழந்தைகள் உள்ள வீட்டில் இது ஒரு வரிசை நிற்கும் இடமாகிவிடும்.

டாப் லோட்: அலங்காரப் பிரியர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மேலே மேடை போட முடியாது, ட்ரையரை அடுக்க முடியாது, மூடியைத் திறந்தால் 125 முதல் 140 செ.மீ. உயரம் வரை போகும் என்பதால் அலமாரி 145க்கு மேல்தான் தொடங்க வேண்டும். எல்லாம் உண்மை. ஆனாலும் குனியத் தேவையில்லாததால் எதிரே நிற்க 50 செ.மீ. இருந்தாலே வேலை நடக்கும். 60 ஆழம், 10 ஹோஸ், 50 நிற்குமிடம் என்று 120 செ.மீ. அகல அறையில் நீளச் சுவரில் உட்காரும் மெஷின் இது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இதுவே நல்லது.

அகலத்தை வைத்துப் பார்த்தால், 150 செ.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் பக்கத்தில் பக்கமாக வைத்து மேடை போடலாம். 120க்கும் 150க்கும் இடையில் கடைசிச் சுவரில் அடுக்குவதே நல்லது. அங்கே ஜன்னல் மறித்தால் டாப் லோட். 45 செ.மீ. ஆழ ஒல்லி ஃப்ரண்ட் லோடும் 135 செ.மீ. அகலத்தில் நீளச் சுவரில் நிற்கும், ஆனால் அதன் டிரம் சிறியது, போர்வைகள் திணறும். 120க்குக் கீழே கடைசிச் சுவர் தவிர வேறு பேச்சில்லை.

குழாயும் பிளக்கும் பின்னாலா, பக்கத்திலா

இந்த ஒரு முடிவு ஐந்து முதல் ஏழு செ.மீ. மிச்சம் பிடித்துத் தரும். தண்ணீர்க் குழாய் மெஷினுக்கு நேர் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால், குழாயின் மூக்கும் அதில் மாட்டிய ஹோஸின் வளைவும் சேர்ந்து மெஷினை முன்னே தள்ளும். நெருக்கித் தள்ளினால் ஹோஸ் மடங்கித் தண்ணீர் மெல்ல வரும், மெஷின் பிழைக் குறியீடு காட்டி நிற்கும். குழாயை மெஷினின் பக்கவாட்டுக்கோ மேடைக்கு மேலே, தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்துக்கோ மாற்றிவிட்டால் பின்னால் ஹோஸ் தட்டையாக இறங்கும். மெஷினில் மாட்டும் முனை 90 பாகை வளைந்த ஹோஸாக இருந்தால் இன்னும் நல்லது. ஊருக்குப் போகும்போது குழாயை மூடிவிட்டுப் போகவும் கை எட்டும்.

பிளக்குக்கும் இதே நியாயம். மெஷினுக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டை அவசரத்தில் அணைக்க முடியாது. மேடைக்கு மேலே, குழாயிலிருந்து தள்ளி, தனி சர்க்யூட்டில், 30 மில்லிஆம்பியர் மின்கசிவுப் பாதுகாப்புடன் இருக்க வேண்டும்.

கழிவுநீர் ஹோஸ் இறங்கும் இடம் தரையிலிருந்து 60க்கும் 100 செ.மீ.க்கும் இடையில் இருக்கட்டும். அதற்குக் கீழே நேராகத் தரைக் குழியில் விட்டால், மெஷினில் தண்ணீர் ஏற ஏறத் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியேறும், சைஃபன் விளைவு. ‘தண்ணீர் நிரம்பவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இதுதான். ஹோஸைக் குழாய்க்குள் ஆழமாகச் செருகி டேப் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைப்பதும் அதே தவறு.

மேடை: நிரந்தரமா, கழற்றக்கூடியதா

மெஷின் பழுதாகும், மாற்றவும் வேண்டிவரும். கருங்கல் பலகையைச் சுவரில் பதித்துவிட்டால், பிறகு 2 செ.மீ. உயரம் கூடிய மெஷின் உள்ளே போகாது. கழற்றக்கூடிய பிளைவுட் மேடைக்கே எங்கள் ஓட்டு.

மெஷின்களைச் சமன் செய்த பிறகு உயரமானதை அளந்து, அதற்கு மேல் 2 முதல் 3 செ.மீ. விட்டு மூன்று சுவர்களிலும் 25×50 மி.மீ. மரச்சட்டம் அடிக்க வேண்டும். அதன்மேல் தண்ணீர் தாங்கும் தர 18 மி.மீ. பிளைவுட். இரண்டு மெஷின்களுக்கு மேல் 126 செ.மீ. தாங்கலின்றிப் போகும்போது நடுவில் தொய்யும். முன் விளிம்புக்கு உட்பக்கமாக ஓர் இரும்பு ஆங்கிளைத் திருகி முடுக்கினால் நிற்கும். முன்பட்டி கீழே இறங்கிச் சோப்பு டிராயரை மறைக்கக் கூடாது. டிராயரை முழுதாக இழுத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். மைக்காவை மேலே மட்டும் ஒட்டினால் பலகை வளையும், அடியிலும் ஒட்ட வேண்டும். வெட்டிய விளிம்புகளில்தான் தண்ணீர் முதலில் ஏறும் என்பதால் அங்கே எட்ஜ் பேண்ட் எனும் விளிம்புப் பட்டையை ஒட்டாமல் விடக் கூடாது. சுவரோடு சேரும் இடத்தில் சிலிக்கான் பூசலாம், ஆனால் பலகையைச் சட்டத்தோடு திருகு மட்டும் போட்டு நிறுத்த வேண்டும், பசை வேண்டாம். மேடை எந்த இடத்திலும் மெஷினைத் தொடக் கூடாது. தொட்டால் ஒவ்வொரு சுழற்சிக்கும் மேடை மேல் உள்ளதெல்லாம் நடக்கத் தொடங்கும்.

மெஷின் முன்னால் கதவு போட்டு மறைப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஒடுக்கமான அறையில் அது இன்னொரு கதவு திறக்கும் இடத்தைக் கேட்கிறது, ஈரத்தையும் உள்ளே பூட்டிவைக்கிறது. கீழ்ப்பகுதியில் உள்ள பம்ப் ஃபில்டரைத் திறக்கவும் வழி விட வேண்டும். அடைப்பு எடுக்கும்போது ஒரு தட்டு வைத்துத் தண்ணீரைப் பிடிக்க அங்கே இடம் தேவை. மறைக்காமல் விடுவதே மேல்.

மூடிய அலமாரியா, திறந்த தட்டா

30 முதல் 35 செ.மீ. ஆழமுள்ள மூடிய அலமாரி மெஷினுக்கு மேலே இருக்கும்வரை பிரச்சினையில்லை. கீழே மெஷின் அதைவிட முன்னால் வந்து நிற்பதால் தலை இடிக்காது. மேடைக்கும் அலமாரிக்கும் நடுவில் 50 செ.மீ. விட்டால் உயரமான சோப்புக் கேன் நிற்கும். அதே அலமாரியை எதிர்ச்சுவரில், நடக்கும் வழியில் தொங்கவிட்டால் தோளில் இடிக்கும். அங்கே 15 செ.மீ. ஆழத் திறந்த தட்டு போதும். சோப்புத்தூள் டப்பா, கிளிப் கூடை, கறைநீக்கி, ஊசி நூல் பெட்டி என்று சலவைப் பொருள் எதுவும் அதற்கு மேல் ஆழம் கேட்பதில்லை. தட்டின் முன்விளிம்பில் 2 செ.மீ. தடுப்புப் பட்டி அவசியம்.

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் 15 முதல் 20 செ.மீ. சந்து கிடைத்தால் சக்கரம் வைத்த ஒல்லித் தள்ளுதட்டு வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் மெஷினைத் தொடாமல் இருபக்கமும் ஒரு விரல் இடம் விட்டு. கனமான கேன்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். மேலே வைத்தால் இழுக்கும்போது கவிழும்.

கண்ணாடி ஜாடிகளில் சோப்புத்தூளை மாற்றி வரிசையாக அடுக்குவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. ஈரக்காற்றில் தூள் கட்டியாகும், அதிர்வில் ஜாடி நகரும், அளவும் எச்சரிக்கையும் அச்சிட்ட உறை குப்பைக்குப் போய்விடும். குறிப்பாக வண்ணமயமான திரவக் கேப்ஸ்யூல்களைக் குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போடக்கூடும். அவை அசல் டப்பாவிலேயே, தாழ்ப்பாள் உள்ள அலமாரியில் உயரத்தில் இருக்க வேண்டும். ஜாடிதான் வேண்டுமென்றால் கிளிப்புகளையும் பித்தான்களையும் போட்டு வையுங்கள்.

அழுக்குத் துணிக்குத் தரையில் மூன்று கூடைகள் வைப்பதைவிட, எதிர்ச்சுவரில் கொக்கி போட்டு இரண்டு துணிப்பைகளைத் தொங்கவிடுவது இடம் மிச்சம். வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று. நிரம்பியதும் பையோடு எடுத்து மெஷினில் கொட்டலாம். ஈரத் துணி மட்டும் பையில் போகக் கூடாது.

உலர்த்தும் கொடி

கூரையில் கயிறு கப்பி வைத்து ஏற்றி இறக்கும் கொடி, சுவரில் மடங்கும் சட்டம், குறுக்கே ஒரு பைப்: இந்த மூன்றில் ஒன்றாகத்தான் வரும்.

சுவரில் மடங்கும் சட்டம் விரித்தால் 50 செ.மீ. வரை நீட்டும்; 120 செ.மீ. அறையில் துணி காயும்வரை உள்ளே போக வழியில்லை. கூரைக் கொடி வழியை மறிக்காது, கூரை 240 செ.மீ.க்கு மேல் இருந்தால் போதும். ஆனால் பளுவைக் குறைத்து எடைபோட வேண்டாம். 7 கிலோ உலர் துணி, நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் பிழிந்த பிறகும் தன் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். மொத்தம் 11 கிலோவுக்கு மேல். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இதைத் தாங்காது, மேலே உள்ள கான்கிரீட்டில் துளையிட்டு மாட்ட வேண்டும்.

சட்டைகளுக்குக் குறுக்குப் பைப்பே சிறந்தது, அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஹேங்கரின் அகலம் 42 முதல் 45 செ.மீ. 30 செ.மீ. தட்டின் அடியில், சுவருக்கு இணையாகப் பைப் போட்டால் ஹேங்கர் ஒரு பக்கம் சுவரில் உரசும், மறுபக்கம் வழியில் நீட்டும். மாறாக 25 மி.மீ. எவர்சில்வர் பைப்பை ஒரு நீளச் சுவரிலிருந்து மறு நீளச் சுவருக்குக் குறுக்கே, 190 செ.மீ. உயரத்தில் மாட்டினால் ஹேங்கர்கள் அறையின் நீளவாக்கில் தொங்கும். ஒடுக்கமே இங்கே பலமாகிறது. குட்டைப் பைப் தொய்யாது.

எதில் காயப்போட்டாலும் அந்த 4 லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில்தான் கலக்கிறது. 1.5×2.5 மீட்டர் தரையும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு சுமார் 10 கன மீட்டர். மணிக்கு பத்து முறை காற்று மாற 100 கன மீட்டர் இழுக்கும் சிறு எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமானது. ஃபேன் ஒரு கோடியிலும் காற்று நுழையும் வழி மறுகோடியிலும் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்தக் காற்றே சுற்றிவரும், துணிப்பக்கம் ஈரம் அப்படியே நிற்கும். வாசல் எதிர்க்கோடியில் இருந்தால் கதவின் அடியில் 2 செ.மீ. இடைவெளி விட்டால் சரியாகிவிடும்.

கதவு, நிறம், விளக்கு

உள்ளே திறக்கும் 75 செ.மீ. கதவு அறையின் பெரும்பங்கைத் துடைத்து எடுத்துக்கொள்கிறது. வெளியே திறக்கும்படி கீலை மாற்றுவதே செலவு குறைந்த தீர்வு. வெளிப்புற நடைவழி அனுமதிக்காவிட்டால் ஸ்லைடிங் கதவு. ஆனால் பக்கத்துச் சுவரில் கதவின் அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும், அங்கே ஸ்விட்ச் இருக்கக் கூடாது. மடிப்புக் கதவு மடிந்தபின் வாசலில் 8 முதல் 10 செ.மீ. தின்றுவிடும். எதுவானாலும் மெஷின் நுழைய 65 செ.மீ. தெளிவான வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டுவதால் ஒவ்வொரு பக்கமும் பசையோடு சேர்ந்து ஒரு செ.மீ.க்கு மேல் போகும். ஒடுக்கமான அறையில் அதுவும் கணக்குத்தான். மெஷின் உள்ள சுவரில் 120 செ.மீ. உயரம் வரை டைல்ஸ், மற்ற இடத்தில் கழுவக்கூடிய சாட்டின் பெயின்ட் போதும். நீளச் சுவர்கள் வெளிர்நிறமாகவும் கடைசிச் சுவர் அடர்நிறமாகவும் இருந்தால் சுரங்கம் போன்ற தோற்றம் குறையும். தரையில் நீள்சதுர டைல்ஸை அகலவாக்கில் பதித்தாலும் இதே பலன். பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

விளக்கு விஷயத்தில் கூரை நடுவில் ஒற்றை பல்பு மாட்டுவது வீண். மேடை முன் நின்றால் நம் நிழலே துணிமேல் விழும். அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி 4,000 கெல்வின் (மஞ்சளும் நீலமும் இல்லாத நடுநிலை வெள்ளை) எல்இடி பட்டை வைத்தால் கறை தெளிவாகத் தெரியும். மஞ்சள் ஒளியில் காபிக் கறை மறைந்துபோய், இஸ்திரி போட்ட பிறகுதான் கண்ணில் படும்.